நம் ஊர்ப் பெரியோரின் நினைவுகள்: கேட்கும் முறையும் எழுதும் முறையும்

நம் ஜினாலயங்களின் தொன்மையைக் கூறக் கல்வெட்டுகள் உள்ளன. நம் அறநெறியைக் கூற ஆகமங்களும் புராணங்களும் உள்ளன. ஆயின், அந்த ஜினாலயத்தைச் சுற்றி வீடு கட்டிக் குடியிருந்து, கழனி உழுது, பொழுது சாயுமுன் உண்டு, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய இல்லறத்தாரின் அன்றாட வாழ்வை எங்கே படிப்பது? பள்ளிக்கு நிலம் கொடுத்தவரின் பெயரைக் கல்வெட்டு கூறும். அவர் வீட்டுப் பெண்டிர் எந்தக் கிணற்றில் நீர் மொண்டனர், பஞ்ச காலத்தில் எதைச் சமைத்தனர் என்பதைக் கூறாது. அது மனிதரின் நினைவில் மட்டுமே இருப்பது. அந்த நினைவைக் கேட்டு எழுதி வைக்கும் முறையை ஒரு பாடமாக இங்கு வகுத்துக் கூற முற்படுகின்றோம்.

முன்னோர் வாழ்வில் ஒரு சான்று

இல்லறத்தாரின் நினைவு எத்துணை அரிய செல்வம் என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லுமாறு உ. வே. சாமிநாதையரைக் கேட்டுக் கொண்டார். தமிழ் நூல்கள் பலவற்றில் தேர்ந்த ஐயருக்கும் அந்நூலின் சமயக் கருத்துகளும் வழக்குகளும் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைன இல்லங்களை அவர் நாடிச் சென்றார். அங்கே சந்திரநாத செட்டியார் முதலியோர் அந்நூலை வழிவழியாகப் படித்தும் கேட்டும் பொருளறிந்தவர்களாக இருந்தனர். ஏட்டைப் பார்த்துத் தீராத ஐயங்கள் அவர்களைக் கேட்டுத் தீர்ந்தன. 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இச்செய்தி நமக்கு எவ்வாறு தெரிய வந்தது? ஐயரே தம் முதுமையில் நினைவு கூர்ந்து எழுதியதால் அன்றோ? அவர் பிறந்தது 1855இல். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியது 1940இல். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் தாம் கண்ட சைன இல்லங்களை எண்பத்தைந்து வயது நெருங்கிய நிலையில் அவர் எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது அத்தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. இன்னும் சில ஆண்டுகள் அவர் எழுதாமல் காலம் தாழ்த்தியிருந்தால் அந்த இல்லங்களில் நடந்த நூலாராய்ச்சியை நாம் அறிந்திருக்க மாட்டோம். நினைவு நூலுக்கு உதவியது. அந்த உதவியை நினைவே நமக்குக் காட்டியது.

காலம் தாழ்த்தலாகாது

இன்று எண்பத்தைந்து வயது நிறைந்தோர் 1940ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். கவலையில் எருது பூட்டி நீர் இறைத்ததையும், மாட்டு வண்டி கட்டி மேல்சித்தாமூர்த் தேருக்குச் சென்றதையும், படியும் மரக்காலும் கொண்டு அளந்ததையும் தம் கையாலும் கண்ணாலும் அறிந்த கடைசித் தலைமுறையினர் அவர்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டை நினைவில் கொண்டோர் அவர்களினும் மூத்தவர்கள். ஊருக்கு ஓரிருவரே எஞ்சியிருப்பர்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் ஊர்களுக்குச் சென்று பாருங்கள். பிள்ளைகள் கல்வியும் வேலையும் கருதிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். பூட்டிய வீடுகள் பல. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 89,265 சைனர் உள்ளதாகக் கூறுகிறது. அவருள் தமிழ்ச் சமணர் எத்தனை பேர், வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோர் எத்தனை பேர் என்று அந்த எண் பிரித்துக் காட்டவில்லை. எண்ணே பிரித்துக் காட்டாதபோது வாழ்வை அது எவ்வாறு காட்டும்? அதை நாமே எழுதி வைத்தாலன்றி வேறு எவரும் எழுதப் போவதில்லை.

பொருளைக் கேளுங்கள், வாழ்வு தானே வரும்

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் பாடங்களுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. மற்றொன்று, 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் வினாவை மாணவரிடம் கேட்கலாகாது என்பது. இவ்விரு விதிகளும் முதியோரைக் கேட்பதற்கும் முற்றும் பொருந்தும்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "ஆயா, அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று தம் பாட்டியைக் கேட்டார். "நல்லாத்தான் இருந்தது" என்று கூறிய பாட்டி அதன்பின் பேசவில்லை. அத்தனை பெரிய வினாவுக்கு எவர்தாம் விடை கூற இயலும்? உடனிருந்த நாம், "தண்ணீர் வடிகட்டும் துணி எங்கிருந்து வாங்கினீர்கள்?" என்று கேட்டோம். பாட்டியின் முகம் மாறியது. கடைத்துணி ஆகாது, நெருக்கமாக நெய்த கெட்டித் துணி வேண்டும் என்றார். அதை இரட்டையாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிய விதத்தைக் கையால் செய்து காட்டினார். வடிகட்டிய பின் துணியில் தங்கிய உயிர்கள் மாளாதபடி, எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே துணியை அலசிவிட வேண்டும் என்று மாமியார் கற்பித்ததைக் கூறினார். பிறகு வீட்டுக்குக் குழாய் வந்ததும், "அலசின தண்ணியை எந்தக் கிணத்துல கொண்டு போய் ஊத்தறது?" என்று வீட்டுப் பெண்கள் கூடிப் பேசியதையும் கூறினார். ஒரு துணியைப் பற்றிக் கேட்கப் போய் மாமியார் மருமகள் உறவும், ஊர்க் கிணறும், புதிய வசதி வந்தபோது பழைய விரதத்தை எவ்வாறு காப்பது என்ற கவலையும் ஒருங்கே வெளிவந்தன.

ஆகவே, பொருளையும் இடத்தையும் வேலையையும் பற்றிக் கேளுங்கள். சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

மாலை உணவு: இரவில் உண்ணாமை நம் இல்லங்களின் பொது விரதம். ஆயினும் உழவர் குடும்பத்தில் அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். அறுவடைக் களத்தில் நெல் கிடக்கும்போது வீட்டுத் தலைவர் எப்பொழுது வந்து உண்டார்? களத்துக்கு உணவு சென்றதா? பள்ளி விட்ட பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தனர்? அடுப்பு எந்நேரம் மூட்டப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தால் ஒரு வீட்டின் முழு நாளும் கிடைத்துவிடும்.

கிணறும் கவலையும்: கவலையின் இரும்புச் சாலில் தோலால் ஆன வால் பொருத்தியிருப்பர். தோல் பட்ட நீரைக் குடிநீராகக் கொண்டார்களா? குடிநீருக்குத் தனிக் கிணறு இருந்ததா? எண்ணெய் எஞ்சின் வந்தது எப்போது, மின்சார மோட்டார் வந்தது எப்போது? முதலில் வைத்தவர் யார்?

எருதும் பயிரும்: உழைத்துக் கிழமான எருதை என்ன செய்தார்கள்? தாமே வைத்துத் தீனி போட்டார்களா, விற்றார்களா, விற்றால் யாருக்கு விற்றார்கள்? பூச்சிமருந்து முதன்முதலாக ஊருக்கு வந்தபோது அதைத் தெளிக்க இசைந்தவர் யார், மறுத்தவர் யார்? அஹிம்சையை நூலில் படித்தவர் பலர். விளையும் பயிருக்கும் கொண்ட விரதத்துக்கும் இடையே நின்று அதை நாள்தோறும் எடைபோட்டவர்கள் நம் ஊர் உழவர்கள். அவர்கள் எவ்வாறு முடிவு செய்தார்கள் என்பது எந்த நூலிலும் இல்லாத தரும விசாரணையாகும்.

நிலத்தின் பெயர்கள்: பட்டாவில் நிலத்துக்கு எண் மட்டுமே உண்டு. ஊராரோ ஒவ்வொரு கழனிக்கும் கொல்லைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தனர். மரத்தாலும், முன்னாள் உரியவராலும், நடந்த நிகழ்ச்சியாலும் அப்பெயர் அமைந்திருக்கும். முதியவரோடு வரப்பில் மெல்ல நடந்து அப்பெயர்களைக் கேட்டு வரைபடமாக எழுதுங்கள். நிலம் கைமாறினால் எண் நிற்கும், பெயர் அழிந்துபோகும்.

சித்தாமூர்ப் பயணம்: தேர்த் திருவிழாவுக்கு எந்த வழியே வண்டிகள் சென்றன? எங்கே அவிழ்த்துவிட்டுத் தங்கினர்? கட்டுச்சோறு என்ன? எந்த ஊரார் வீட்டில் இறங்கினர்? திருமணப் பேச்சுகள் பல இத்தகைய விழாக்களில் தொடங்கியவை என்பதால், இப்பயணத்தைக் கேட்டால் ஊர்களுக்கிடையே இருந்த உறவு முறையும் தெரியவரும்.

யாரைக் கேட்பது?

நம்மவர் வழக்கம், ஊரில் படித்தவரையும் பொறுப்பில் இருந்தவரையும் மட்டும் கேட்டு முடித்துவிடுவது. இது குறையுடையது. பெண்டிரைத் தனியே கேட்க வேண்டும். கணவரோ மகனோ அருகிலிருந்தால், "உனக்கு என்ன தெரியும், நான் சொல்கிறேன்" என்று அவர்களே விடை கூறிவிடுவர். பிள்ளைப்பேறு, நோய்க்குக் கைமருந்து, நோன்பு, திருமண ஊஞ்சலில் பாடிய பாட்டு, இளமையில் கைம்மை எய்தியவர்களின் நிலை ஆகியவை பெண்டிர் மட்டுமே கூறக் கூடியவை. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் ஸ்ரீபுராணக் கதைகளைத் தொடர்ச்சி பிறழாமல் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அவர் அவற்றைக் கற்றது ஜினாலயத்து மண்டபத்தில் அமர்ந்து பிறர் வாசிக்கக் கேட்டு.

அடுத்து, ஊர் என்பது நம் வீதி மட்டும் அன்று. நம் நிலங்களில் ஏர் ஓட்டியவர், நாற்று நட்டவர், துணி வெளுத்தவர், கலப்பை செய்த தச்சர் ஆகியோரின் குடும்பத்து முதியோரையும் நாடிச் சென்று கேட்க வேண்டும். கூலி எத்தனை மரக்கால் நெல், அது எந்த மரக்காலால் அளக்கப்பட்டது, உணவு எங்கே வைத்துக் கொடுக்கப்பட்டது, எந்தக் கிணற்றில் அவர்கள் நீர் எடுக்கலாம் என்றெல்லாம் கேளுங்கள். அவர்கள் கூறும் சில செய்திகள் நமக்கு இனிமையாக இராமற் போகலாம். ஆயினும் அவற்றையும் எழுத வேண்டும். சிற்றுயிருக்கும் ஊறு நேராமல் நீரை வடிகட்டிக் குடித்த வீட்டின் வாயிலில் ஒரு மனிதர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதும் அவ்வீட்டின் வரலாறே. வாய்மையை அணுவிரதமாகக் கொண்டவர்கள் இனித்த நினைவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வரலாறு என்று பெயரிடலாகாது.

கண்டது, கேட்டது, கருதுவது

முதியவர் கூறுவதில் மூவகை உண்டு. தாம் கண்டது ஒன்று. பிறர் கூறக் கேட்டது ஒன்று. இவ்வாறு இருந்திருக்கலாம் என்று கருதுவது ஒன்று. எழுதும்போது இவற்றைப் பிரித்துக் குறிக்க வேண்டும்.

சான்றாக, செஞ்சியில் ஆண்ட நாயகர் ஒருவரால் நம் முன்னோர் துன்புற்ற செய்தி நம் ஊர்கள் பலவற்றில் வழங்குகிறது. அக்காலத்தில் பலர் நீறு பூசித் தம்மைக் காத்துக் கொண்டனர் என்றும், வேலூரில் ஒருவர் நீரை வடிகட்டிக் குடித்ததால் சமணர் என்று அறியப்பட்டுப் பிடிபட்டார் என்றும், பின்னர் அவரே சிரவணபெளகொளா சென்று வீரசேனாசாரியார் ஆனார் என்றும், தாயனூர்க் காங்கேய உடையார் அவரை மீண்டும் இங்கு அழைத்து வந்தார் என்றும் கூறுவர். 1478 என ஆண்டு குறிப்பதும் உண்டு. இதைக் கூறும் முதியவர் எவரும் இதைக் கண்டவர் அல்லர். ஆகையால், "இதைத் தங்களுக்குக் கூறியவர் யார்? எப்பொழுது, எந்த இடத்தில் கூறினார்?" என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். நடந்தது என்ன என்பதை ஆராய்வது வரலாற்றாசிரியர் கடமை. நம் வீடுகளில் அச்செய்தி எவ்வாறு கைமாறி வந்தது என்பதைக் காப்பது நம் கடமை.

இருவர் கூற்று மாறுபடுவதும் உண்டு. ஊர்ப் பொதுவுக்காகக் கிணறு வெட்டப்பட்டது என்பார் ஒருவர். ஒரு குடும்பத்தார் தமக்காக வெட்டியது என்பார் மற்றொருவர். அவர்கள் முன்னிலையிலேயே தீர்ப்புக் கூற முற்படாதீர்கள். இருவர் கூற்றையும் அவரவர் பெயருடன் எழுதுங்கள். ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று காணலாம் என்னும் அநேகாந்தம் நமக்குப் புதிதன்று. வெட்டியவர் நின்ற இடமும் நீர் மொண்டவர் நின்ற இடமும் வேறு. பின்னாளில் ஒரு பழம் பத்திரம் கிடைத்தால் உண்மை மேலும் துலங்கும்.

காலத்தைக் கணிக்கச் சில குறிகள் உதவும். "எந்த ஆண்டு?" என்றால் பலருக்குத் தெரியாது. "காந்தியடிகள் மறைந்த செய்தி வந்தபோது தங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா?" என்றால் விடை வரும், அது 1948 சனவரி 30. நயாபைசா வந்தது 1957 ஏப்ரல் முதல் நாள். ஐ.ஆர்.8 நெல் வெளியிடப்பட்டது 1966இல். அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. தமிழ் ஆண்டுப் பெயரைக் கூறுவோரும் உளர். சர்வசித்து என்றால் 1947 சித்திரை முதல் 1948 பங்குனி முடிய. ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், 2007இல் தொடங்கிய ஆண்டும் சர்வசித்தே என்பதை மறவாதீர்கள். முதியோர் 'வடஆற்காடு', 'தென்னாற்காடு' என்று கூறுவதைத் திருத்த வேண்டா. வடஆற்காடு 1989இலும் தென்னாற்காடு 1993இலும் பிரிக்கப்பட்டன. அவர்கள் வாழ்ந்தது பிரியாத மாவட்டத்தில்.

பதிவு செய்யும் முறை

இக்காலத்தில் செல்பேசியே போதிய கருவி. முதியவருக்கு ஒரு முழத் தொலைவில், மடித்த துணியின் மேல் அதை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; அதன் இரைச்சல் குரலை மறைத்துவிடும். அழைப்பு வாராதபடி செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர் பெயர், வயது, கேட்பவர் பெயர் ஆகியவற்றை உரக்கக் கூறுங்கள். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் போதும். காலை உணவுக்குப் பின் முதியோர் மனம் தெளிவாக இருக்கும். அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருங்கள். அடுத்த வினாவை விரைந்து கேட்டால் வரவிருந்த நினைவு திரும்பிப் போய்விடும்.

பின்னர்க் கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பல மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். அவர் சொல்லையே எழுதுங்கள். "மல்லாட்டை பிடுங்கினோம்" என்று பாட்டி கூறினால் அதை 'நிலக்கடலை அறுவடை செய்தோம்' என்று மாற்றாதீர்கள். ஆசிரியராய் இருந்தோர்க்குத் திருத்தக் கை ஊறும். இங்கே சிவப்பு மை வேண்டா. ஒரு வட்டாரத்தின் சொல், உறவுமுறை விளி, அளவைப் பெயர் ஆகியவை இவ்வாறு எழுதினால்தான் நிலைக்கும். ஒலிப்பதிவை இரண்டு இடங்களிலாவது வையுங்கள். எழுதியதைத் தாளில் அச்சிட்டு ஒரு படியை அம்முதியவரிடமும், ஒரு படியை ஊர் ஜினாலயத்து நூற்பேழையிலும் வையுங்கள். செல்பேசி பழுதாகும்; நல்ல தாள் பல காலம் நிற்கும்.

கேட்பதிலும் அஹிம்சை

ஒப்புதல் பெறாமல் பதிவு செய்யலாகாது. "இதை எழுத வேண்டாம்" என்று அவர் கூறினால் எழுதலாகாது. கருவியை நிறுத்திவிட்டுக் கேட்டு, மனத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். பங்காளி வழக்கு, பாகப் பிரிவினை, பெண்ணுக்கு நேர்ந்த துயரம் ஆகியவை வெளிவரும்போது உயிரோடிருப்போர்க்கு ஊறு நேருமா என்று எண்ணிப் பாருங்கள். வேண்டுமானால் பெயரை மறைத்து எழுதலாம். நடந்ததை மாற்றி எழுதலாகாது. இறந்த பிள்ளையைப் பற்றிப் பேசி அழும் தாயிடம் அடுத்த வினா கேட்பது அறமன்று. அன்று வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு அருகில் அமர்ந்திருங்கள். எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டுவது கடைசிப் படி. தாம் கூறியது தமக்கே படித்துக் காட்டப்படும்போது, "இன்னொன்று சொல்ல மறந்தேன்" என்று முதியோர் தொடங்குவர். பெரும்பாலும் அதுவே ஏட்டில் சிறந்த பக்கமாக அமையும்.

பயிற்சி

வரும் தீபாவளிக்கு, மகாவீரர் நிர்வாண பூசைக்காகக் குடும்பத்தார் ஊரில் கூடும்போது, பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. வீட்டில் மூத்தவர் ஒருவரைத் தேர்ந்து, அவர் கையாண்ட பொருள் ஒன்றைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேளுங்கள்: மரக்கால், வடிகட்டும் துணி, ஏட்டுப் பலகை, பித்தளைக் குடம் என எதுவாயினும் ஆகும்.

2. அவர் கூறியதில் கண்டது எது, கேட்டது எது, கருதியது எது எனப் பிரித்து எழுதுங்கள்.

3. உங்கள் நிலங்களில் முன்பு உழைத்த குடும்பத்து முதியவர் ஒருவரிடம் அதே காலத்தைப் பற்றிக் கேட்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

4. பொருள் தெரியாத பத்துச் சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றின் பொருளை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

5. எழுதியதைப் பிள்ளைகளைக் கொண்டு அவர் முன்னிலையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.

இவ்வாறு ஊருக்கு ஐந்து பேர் நினைவைப் பதிவு செய்தாலும், அடுத்த தலைமுறைக்கு ஓர் ஊரின் வாழ்வு கிடைக்கும். பிள்ளைகள் பாட்டன் வீட்டுத் திறவுகோலைப் பெறுவது இயல்பாக நடக்கும். அவ்வீட்டில் மாலை ஐந்து மணிக்கு என்ன நடந்தது என்பதையும் அவர்கள் பெற வேண்டுமானால், இன்று அதைக் கூற வல்லவர் இருக்கும்போதே நாம் கேட்டாக வேண்டும்.

நல்லறம் ஓங்குக.